தகட்டுக்குப் பின்னால்

ஜனவரி 12

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரரும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. அத்தானுக்குத்தான் முட்டி போகப் போக மோசம். உட்கார்ந்தால் எழுப்ப ஒரு ஆள், எழுந்தால் உட்கார வைக்க ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. டாக்டர் ஆபரேஷன் என்கிறார். இவர் பார்க்கலாம் என்கிறார்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் உன்னிடம் ஒரு பேச்சை ஆரம்பித்தால் முடிக்கும்போது அது வேறு பேச்சாகியிருக்கும். அந்த வித்தை உனக்குப் பிறவியிலேயே உண்டு. தாளில் எழுதினால் நான் கேட்டது கேட்டபடி உன் முன்னால் கிடக்கும்.

விஷயம் இதுதான். நம் கடைத்தெரு முழுக்கக் கடைகளின் முகப்பை மூடித் தகடு அடிக்கிறார்கள். தெரு ஒரே மாதிரி பளபளவென்று இருக்க வேண்டும் என்று வியாபாரிகள் சங்கத்தில் தீர்மானமாம். முதல் பலி மருந்துக்கடை. இரண்டு தெரு சேரும் அந்த மூலையில் சுவர் முனையாக நிற்காமல் வளைந்து திரும்புமே, கண்ணாடியும் கூடவே வளையுமே, அது இப்போது இல்லை. மருந்து வாங்க வந்தவர்கள் அந்த வளைவில் கையைத் தடவிக்கொண்டே உள்ளே போவார்கள். அங்கே இப்போது சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி நிற்கிறது. அதற்குள் குளிர்பதன இயந்திரம் இருக்கிறது என்று சொன்னால் நம்பிவிடலாம்.

அடுத்தது பஸ் கம்பெனி ஆபீஸ். எண்ணே இல்லாத அந்தப் பெரிய கடிகாரத்தோடு உயரமாக ஒரு பலகை மாதிரி நிற்கும் சுவரை மூடியாயிற்று. பிறகு வங்கி. ஜன்னல்களுக்கு வெளியே கட்டம் கட்டமாகச் சிமெண்டில் வெயில் மறைப்பு வைத்திருந்தார்களே, அதன் மேல் கத்தரிப்பூ நிறத்தில் தகடு. எதிர்ச்சாரி டயர் கடைக்கு இன்னும் வரவில்லை. அந்தக் கூரை இரண்டு பக்கமும் இறக்கை தூக்கி நிற்பதைத் தினமும் ஒரு தரம் பார்த்து வைத்துக்கொள்கிறேன்.

இவற்றை யாரும் அரண்மனை என்று சொல்லவில்லை. டயர் விற்கவும் செருப்பு விற்கவும் கட்டியவை. டயர் விற்கிறவனுக்கு இறக்கை எதற்கு என்று யாரும் கேட்காமல் கட்டினார்கள் பார், அதுதான் எனக்குப் பிடித்தது. நம் கடையையே எடுத்துக்கொள். பார்த்ததும் சலவைக்கடை என்று தெரிய வேண்டும் என்று அப்பா சொன்னதற்கு, மேஸ்திரி சன்ஷேடையே இஸ்திரி போட்ட பாவாடை மாதிரி மடிப்பு மடிப்பாகச் சிமெண்டில் வார்த்துக் கொடுத்தார். மேல் மாடியில் ஒல்லியாகச் செங்குத்துப் பட்டைகள், அவற்றுக்கு நடுவில் சல்லடை மாதிரி வட்ட ஓட்டை போட்ட ஜாலிச் சுவர். சாயங்காலம் உள்ளே மொசைக் தரையில் வட்டம் வட்டமாக வெயில் விழுகிறது. அந்த நேரத்தில் துணி எடுக்க வருகிறவர்கள் அவசரம் இருந்தாலும் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போகிறார்கள்.

உன் வீட்டுக்காரர் இந்த மாதிரித் தகட்டுக் கம்பெனியில்தானே சைட் மேனேஜர். ஒரு கடை மட்டும் மாட்டேன் என்றால் சங்கம் என்ன செய்யும் என்று அவரைக் கேட்டு எழுது. குழந்தையின் தொண்டை எப்படி இருக்கிறது என்றும் எழுது.

அன்புடன்,
அக்கா

ஜனவரி 30

என் அன்பான அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் நீயே வந்து நின்ற மாதிரி இருந்தது. குழந்தைக்குத் தொண்டை இப்போது தேவலை, ஆனால் வெந்நீர் குடி என்றால் குடிப்பதில்லை. எனக்கு ரத்த அழுத்தம் மறுபடியும் ஏறியிருக்கிறது. உப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள். உப்பைக் குறைத்தால் இவர் சாப்பிடுவதைக் குறைக்கிறார், இரண்டு பேருக்கும் நடுவில் நான் தினம் இரண்டு தரம் சமைக்கிறேன். புது வீட்டில் தண்ணீர் காலையில் மட்டும்தான் வருகிறது.

அத்தானின் முட்டியைத் தள்ளிப் போடாதே. என் தோழியின் மாமனாருக்குச் செய்தார்கள், இப்போது மாடிப்படி ஏறுகிறார். நல்ல ஆஸ்பத்திரி நான் விசாரித்துச் சொல்கிறேன்.

நீ கட்டடங்களைப் பற்றி எழுதுவதைப் படித்தால் புத்தகம் படிப்பது போல இருக்கிறது. சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தக் கண் உண்டு. எனக்குச் சுவர் என்றால் சுவர்தான். காலம் மாறுகிறது அக்கா, எதற்கும் மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே.

இவர் வேலை விஷயமாக அடிக்கடி வெளியூர் போய்விடுகிறார். வந்ததும் பேசுகிறேன். உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் தங்கை

பிப்ரவரி 9

தங்கைக்கு,

நாங்கள் சுகம். உன் ரத்த அழுத்தம் இறங்கியதா என்று எழுது.

நேற்றுச் செருப்புக்கடைக்குத் தகடு அடிக்க வந்தார்கள். வாசலில் V போலச் சாய்ந்து நிற்கும் அந்த இரண்டு தூண்களைச் சுற்றிக் கொஞ்சமும் வெட்கமில்லாமல் சதுரப் பெட்டி கட்டினார்கள். பார்க்கச் சகிக்காமல் போய், ஆட்களை மேய்த்துக்கொண்டிருந்த ஃபோர்மேனிடம் இது யார் யோசனை என்று கேட்டேன். அவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "என்னக்கா தெரியாத மாதிரி கேக்கிறீங்க? தெரு முழுக்க எடுத்ததே உங்க தங்கச்சி வீட்டுக்காரருதான். உங்க கடைய கடைசியா வச்சுக்கங்க, நான் பேசிக்கிறேன்னு சொல்லியிருக்காரு" என்றார்.

கேட்டதும் எனக்கு நாக்கில் ஏதோ பட்ட மாதிரி இருந்தது. துப்பவும் முடியவில்லை. சுற்றி நின்ற கடைக்காரர்கள் எல்லாருக்கும் இது முன்னாலேயே தெரிந்திருக்கிறது, என் முகத்தைப் பார்த்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான்தான் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று தகட்டுக்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

நான் உன்னைக் கேட்டது ஒரே ஒரு கேள்வி. உப்பு, வெந்நீர், தோழியின் மாமனார் எல்லாம் எழுதத் தெரிந்த உனக்கு அதற்குப் பதில் எழுதத் தெரியவில்லை. பூசி மெழுகாமல் இனியாவது எழுது. கடைசியாக வைத்துக்கொண்டு என்ன பேசப் போகிறார்?

அக்கா

மார்ச் 2

என் அன்பான அக்காவுக்கு,

நீ கோபமாக இருக்கிறாய் என்று தெரியும். நாலு தரம் எழுதி நாலு தரம் கிழித்தேன். எல்லாரும் சுகமா?

மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை அக்கா. உனக்குப் பிடிக்காத வேலையை நாங்களே செய்கிறோம் என்று எந்த வாயால் சொல்வது? இவர் கம்பெனியில் இரண்டு வருடமாகவே ஆட்களைக் குறைக்கிறார்கள். இந்தத் தெரு முழுசாக முடிந்தால் இவரை வைத்துக்கொள்வார்கள். ஒரு கடை விட்டுப்போனாலும் சங்கம் வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போடாது. அந்த ஒரு கடையும் பெண்டாட்டியின் அக்கா கடை என்றால் கம்பெனியில் இவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். இந்த வயதில் வேறு எங்கே போய் வேலை கேட்பார்?

உனக்கு நான் சத்தியம் செய்கிறேன். ஒரு இரும்புச் சட்டத்தை முன்னால் நிறுத்தி அதில் தகட்டை மாட்டுவார்கள், அவ்வளவுதான். அப்பா கட்டியது அப்படியே உள்ளே இருக்கும், ஒரு சிமெண்டுச் சில்லுகூடப் பெயராது. சொல்லப் போனால் மழை வெயில் படாமல் பத்திரமாக இருக்கும். நாளைக்கே உனக்குப் பிடிக்கவில்லை என்றால் கழற்றிவிடலாம்.

இன்னொன்று. அத்தானின் ஆபரேஷனுக்கு நல்ல டாக்டரைப் பிடித்துவிட்டேன். ஏப்ரல் முதல் வாரம் தேதி கிடைக்கும். கடையில் வேலை நடந்தால் எப்படியும் தூசி வரும், துணி வாங்க முடியாது. அந்த வாரமே இதையும் வைத்துக்கொண்டால் நீ அத்தானோடு ஆஸ்பத்திரியில் நிம்மதியாக இருக்கலாம். ஆஸ்பத்திரி ஏற்பாடு எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன் அக்கா.

உன் தங்கை

மார்ச் 10

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை அத்தானிடம் படித்துக் காட்டினேன். "அவ கேட்டா குடுத்துரு. சுவருதானே" என்றார். எனக்கு அது சுவர் இல்லை என்று அவருக்கும் தெரியும், அதனால்தான் அப்படிச் சொல்லிவிட்டுப் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

எனக்கு அந்தத் தகட்டைப் பார்த்தால் அருவருப்பு. அது இன்றும் மாறவில்லை, நாளைக்கும் மாறாது. சாப்பிட்டுவிட்டுக் கழுவாத தட்டைத் தெருவில் சாய்த்து வைத்த மாதிரி இருக்கிறது. ஆனால் உன் வீட்டுக்காரர் தூக்கமில்லாமல் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

சரி என்கிறேன். நீ எழுதியதே என் நிபந்தனை. மடிப்புச் சன்ஷேடு, பட்டைகள், ஜாலி, கடைப் பெயரின் சிமெண்டு எழுத்துகள், எதிலும் உளி படக்கூடாது. சட்டம் நிறுத்தத் துளை போட வேண்டுமென்றால் பக்கத்துச் சுவரில் போடட்டும். வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் கூடவே நின்று பார்த்திருப்பேன். நீ சொன்னதால் சாவியைச் செருப்புக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.

டாக்டரைப் பிடித்துக் கொடுத்ததற்கு நன்றி. இவ்வளவு வேலைக்கு நடுவிலும் அத்தானை நினைத்தாயே. குழந்தைக்கு என் முத்தம்.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 21

அன்புத் தங்கைக்கு,

அத்தான் கோலை ஊன்றிக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறார். டாக்டர் தங்கமான மனிதர். அவருக்கும் உனக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

கடைக்கு வந்தேன். தெருமுனையிலிருந்து பார்த்தபோது நம் கடை எது என்று ஒரு நிமிஷம் தெரியவில்லை. சங்கம் நினைத்தது நடந்துவிட்டது. மேலிருந்து கீழ்வரை தகடு. சன்ஷேடு இருந்த இடத்தைச் சுற்றிப் பெட்டி கட்டி அடியிலும் தகடு வைத்து மூடியிருக்கிறார்கள், தலையைத் தூக்கினால் என் முகமே கோணலாகத் தெரிகிறது. கடைப் பெயரைப் பிளாஸ்டிக்கில் எழுதி உள்ளே விளக்குப் போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் அது எரிந்தால் கவுண்டரில் நிற்கும் எல்லாரும் காமாலை வந்தவர்கள் மாதிரி இருக்கிறார்கள். மாடி ஜன்னல்கள் வெளிப்பக்கம் திறப்பவை. சட்டம் குறுக்கே இருப்பதால் ஒன்றும் திறக்க முடியவில்லை. மாடி இருட்டாகிவிட்டது, மொசைக்கில் வெயில் விழுவதும் போயிற்று.

வேலை நடந்தபோது சத்தம் காது கிழிந்தது என்று செருப்புக்கடைக்காரர் சொன்னார். துளை போடுகிற மிஷின் அப்படித்தான் இரையும் என்றேன்.

பழகிக்கொள்கிறேன். உள்ளே எல்லாம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் ஷட்டரைத் தூக்குகிறேன். உன் வீட்டுக்காரருக்குச் சங்கம் கையெழுத்துப் போட்டுவிட்டதா? அவர் இப்போது தூங்குகிறாரா? எழுது.

அன்புடன்,
அக்கா

ஜூன் 3

தங்கைக்கு,

எல்லாரும் சுகமா? ஏப்ரலில் எழுதியதற்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. உனக்கோ குழந்தைக்கோ உடம்பு சரியில்லையோ என்று கவலையாக இருக்கிறது.

கடையில் நாற்றம். முதலில் யாரோ அழுக்குத் துணியோடு எதையோ பொட்டலம் கட்டிப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து மூட்டைகளை எல்லாம் பிரித்தேன். இல்லை. முன்பக்கச் சுவரிலிருந்து வருகிறது. தகட்டின் மேல் விளிம்பை மூடாமல் விட்டிருக்கிறார்கள். புறாக்கள் அந்த இடுக்கில் நிழலுக்கு இறங்குகின்றன. இறங்கினால் இறக்கையை விரிக்க இடமில்லை, ஏற முடியவில்லை. உள்ளே படபடவென்று அடித்துக்கொள்வது முதல் நாள் கேட்கும், மறுநாள் குறையும், பிறகு நாற்றம் வரும். இதற்குள் எத்தனையோ விழுந்துவிட்டன.

சலவைக்கடைக்கு இதைவிடக் கேவலம் உண்டா? கம்பளிக் கோட்டு நாற்றத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. பள்ளிக்கூடப் பிரின்சிபாலின் வெள்ளைக் கோட்டை மடித்துக் கொடுக்கும்போது காலரில் ஒரு புழு நெளிந்தது. அவர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். கோட்டை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று முழுக்கக் கையைக் கழுவிக் கழுவித் தோல் உரிந்துவிட்டது. அத்தானுக்கு இத்தனை வருடம் டிரை கிளீனிங் மருந்தை மோந்து மூக்கு செத்துப்போயிற்று, "எங்க நாறுது?" என்று என்னையே கேட்கிறார்.

ஆட்களை அனுப்பி நாலு தகட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டச் சொல். கழற்றிவிடலாம் என்றுதானே சொன்னாய்.

அக்கா

ஜூன் 20

என் அன்பான அக்காவுக்கு,

மன்னித்துக்கொள். குழந்தைக்குப் பரீட்சை, எனக்கு இடுப்பு வலி, நாட்கள் எப்படிப் போகின்றன என்றே தெரியவில்லை. அத்தான் கோல் இல்லாமல் நடக்கிறாரா? மாடிப்படியில் மட்டும் ஜாக்கிரதை. ஒரு வலி தைலம் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், சூடு பறக்கத் தேய்க்க வேண்டும்.

நீ சொன்ன விஷயத்தை இவரிடம் சொன்னேன். ஆட்கள் இப்போது வேறு ஊரில் இருக்கிறார்கள். வந்ததும் மேல் விளிம்பில் வலை கட்டிவிடுவார்கள், பிறகு புறா இறங்காது. அதுவரை மேலே இருந்து பிளீச்சிங் பவுடரைக் கொட்டு. துணி வைக்கும் அலமாரியில் அந்துருண்டை போடு. ஊதுபத்தியும் ஏற்றிவைக்கலாம். கொஞ்ச நாளில் காய்ந்துவிடும், காய்ந்தால் நாற்றம் போய்விடும்.

தகட்டை மட்டும் நீயாகத் திறக்காதே அக்கா. வெளியாள் யாரையும் வைத்தும் திறக்காதே. திறந்தால் வாரண்டி போய்விடும். தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், கையைக் கிழிக்கும். எனக்காக இதை மட்டும் கேள்.

உன் தங்கை

ஜூலை 8

தங்கைக்கு,

திறந்துவிட்டேன்.

அந்துருண்டை போட்டேன், பவுடர் கொட்டினேன், நாற்றத்தோடு நாற்றம் சேர்ந்ததுதான் மிச்சம். வாரண்டிக்குப் பயந்து எத்தனை நாள் அழுகல் நடுவில் துணி மடிப்பது? ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வெல்டரைக் கூட்டி வந்து சன்ஷேடு பக்கம் தகடுகளைக் கழற்றச் சொன்னேன். முதல் தகடு விலகியதும் அவர் மேலேயே எல்லாம் சரிந்தது. இறகு, எலும்பு, கறுப்பாகக் கூழ் மாதிரி ஏதோ, அதற்குள் கொதிக்கிற மாதிரி புழு. அவர் ஏணியிலிருந்து இறங்கி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். நான் எடுக்கவில்லை. தண்ணீர்க் குழாயைப் பிடித்து எல்லாவற்றையும் கழுவித் தள்ளினேன். பிறகுதான் தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

முதலில் எனக்குப் புரியவில்லை. அவசரத்தில் வேறு யார் கடையையோ பிரித்துவிட்டோம் என்றுதான் தோன்றியது. சன்ஷேடு இல்லை. சுவரோடு சுவராக வெட்டி எடுத்திருக்கிறார்கள், கம்பிகள் மட்டும் துருப்பிடித்து வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. மற்றத் தகடுகளையும் கழற்றச் சொன்னேன். பட்டைகள் ஒன்றுகூட இல்லை, செதுக்கித் தள்ளியிருக்கிறார்கள். எழுத்துகள் இருந்த இடத்தில் குழிகள். ஜாலி மட்டும் சுவரை விட்டு நீட்டாமல் இருந்ததால் தப்பியிருக்கிறது, அதிலும் வெளி விளிம்பெல்லாம் உடைசல்.

செருப்புக்கடைக்காரர் வந்து பக்கத்தில் நின்றார். ஒரு லாரி நிறையக் கல் அள்ளிக்கொண்டு போனதைப் பார்த்தாராம். "நீங்க சொல்லித்தான் செய்றாங்கன்னு நெனச்சேன்கா. உங்க தங்கச்சியும் அன்னிக்கு வந்து நின்னு பாத்துட்டு இருந்தாங்களே" என்றார்.

நீ வந்திருக்கிறாய். நான் ஆஸ்பத்திரியில் அத்தானுக்குக் கால் பிடித்துக்கொண்டு, என் தங்கை எவ்வளவு நல்லவள் என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, நீ இங்கே நின்று சன்ஷேடு விழுவதைப் பார்த்திருக்கிறாய். கடையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே வந்துவிடலாம். எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு நல்ல டாக்டரை நீ எதற்குப் பிடித்துக் கொடுத்தாய் என்று இப்போது விளங்குகிறது. புழுவைப் பார்த்தபோது வராத குமட்டல் எனக்கு அப்போது வந்தது.

தகட்டைத் திரும்ப மாட்டவில்லை. கடை அப்படியே நிற்கிறது, தெருவில் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள்.

ஆகஸ்ட் 14

அக்காவுக்கு,

சுகமா என்று கேட்க எனக்கு வாய் கூசுகிறது. ஆனாலும் அத்தானுக்கு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை.

நான் உன்னிடம் சத்தியம் செய்தபோது எனக்கும் தெரியாது. உன் சம்மதம் வந்த பிறகு இவர் அளவெடுத்தார். நீட்டிக்கொண்டிருப்பதை எடுக்காமல் சட்டம் நேராக நிற்காது, தெருவில் பல கடைக்கும் ராத்திரி கடை பூட்டிய பிறகு அப்படித்தான் செய்தோம் என்றார். உன்னிடம் சொல்லலாம் என்று பேனாவை எடுத்தேன். சொன்னால் நீ முடியாது என்பாய், இவர் வேலை போகும். சொல்லாவிட்டால் உனக்குத் தெரியவே போவதில்லை. உள்ளே எல்லாம் இருக்கிறது என்று நீ நினைத்துக்கொண்டே இருக்கலாம், அதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்துவிட்டேன். அன்று நான் வந்தது, மனசு கேட்காமல், கொஞ்சமாவது விட்டுவைக்கச் சொல்லலாம் என்றுதான். வந்து நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அப்படியே பஸ் ஏறிவிட்டேன்.

இப்போது உன் கடையைப் பார்த்துவிட்டு மருந்துக்கடைக்காரரும் வங்கிக்காரர்களும் தகட்டைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். சங்கத்தில் ஒரே கலவரம். கம்பெனி எல்லாப் பழியையும் இவர் தலையில் கட்டுகிறது. பெண்டாட்டியின் அக்காவையே ஏமாற்றியவன் என்று பேசுகிறார்கள். மற்றக் கடைக்காரர்களிடம் கம்பெனி பேசி முடித்துக்கொள்ளும், நீ ஒரே ஒரு கையெழுத்துப் போட்டால் இவர் தப்பிப்பார். சன்ஷேடு பழசாகி விரிசல் விட்டிருந்தது, உன் சம்மதத்தோடுதான் எடுத்தார்கள் என்று எழுதிக் கொடுத்தால் போதும். தகட்டையும் நாங்களே வந்து திரும்ப மாட்டிவிடுகிறோம், புறா வராமல் வலையோடு.

கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. கேட்காமல் இருக்கவும் வழியில்லை.

உன் தங்கை

ஆகஸ்ட் 22

தங்கைக்கு,

அத்தான் நன்றாக நடக்கிறார். நீ அனுப்பிய தைலம் பிரிக்காமல் இருக்கிறது.

அந்தச் சன்ஷேட்டில் விரிசல் இல்லை. மயிரிழை விரிசல்கூட இல்லை. வருடா வருடம் நான்தான் ஏணி வைத்து ஏறி மடிப்பு மடிப்பாகத் துடைத்தேன், எனக்குத் தெரியாதா? இல்லாத விரிசலை இருந்தது என்று என் கையால் எழுதச் சொல்கிறாய். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அதை வைத்த மேஜையைத் துடைத்தேன்.

கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் நீ வா. பகலில் வா. டயர் கடைப் பக்கம் நின்று, தலையைத் தூக்கி, மேலிருந்து கீழ்வரை ஒரு தரம் முழுசாகப் பார். என்னிடம் பேச வேண்டாம், அழ வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். பார்த்துவிட்டுப் போ. நீ பார்த்த அன்றே போட்டு அனுப்புகிறேன்.

அக்கா

செப்டம்பர் 17

தங்கைக்கு,

வியாழக்கிழமை நீ வந்ததைக் கவுண்டரிலிருந்து பார்த்தேன். துணிகளுக்கு அடையாளத் துண்டு கட்டிக்கொண்டிருந்தேன். நீ இளைத்திருக்கிறாய். உடம்புக்கு என்ன என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

டயர் கடைப் பக்கம்தான் நின்றாய், நான் சொன்ன இடத்தில்தான். உன் செருப்பைப் பார்த்தாய். பஸ் வருகிறதா என்று பார்த்தாய். எங்கள் வாசல்படி வரைக்கும் உன் கண் வந்தது, அதற்கு மேலே ஏறவில்லை. குடையை இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்த்துக்கொண்டாய். வெயில் அந்தப் பக்கம் இல்லை. அத்தான் என் பின்னால் வந்து நின்று, "கூப்பிடட்டா?" என்றார். வேண்டாம் என்றேன். அவருக்கு மனசு கேட்காமல் கோலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவதற்குள் நீ பஸ்ஸில் ஏறிவிட்டாய்.

வந்தாய், ஆனால் பார்க்கவில்லை. நீ வாக்கை மீறியது போல நானும் மீறலாம், காரணமும் இருக்கிறது. அப்படி மீறி உன்னைப் போல ஆவது எனக்கு அந்தப் புழுவைவிட அருவருப்பாக இருக்கிறது. அதனால் நீ கேட்டபடியே எழுதி, விரிசல் இருந்தது, என் சம்மதத்தோடுதான் எடுத்தார்கள் என்று கையெழுத்துப் போட்டுச் சங்கத்தில் கொடுத்துவிட்டேன். படித்துவிட்டுச் செயலாளர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடத்தில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. உன் வீட்டுக்காரர் வேலைக்கு இனிப் பயமில்லை, இன்று ராத்திரி அவர் தூங்கலாம்.

நேற்று உங்கள் ஆட்கள் வந்து தகட்டை மாட்டிவிட்டுப் போனார்கள். மேலே வலை கட்டியிருக்கிறார்கள். கழுவி உலர்த்திய பிறகு நாற்றமும் இல்லை.

இனி நீ எப்போது வேண்டுமானாலும் தலையை நிமிர்த்திக்கொண்டு வரலாம். பார்க்க ஒன்றும் இல்லை.

அக்கா